பதினான்காம் எண் வீட்டில் டெல்லா எரித்த கட்டை

டெல்லா கீகனுக்கு வீடு என்றால் ஒரே ஓர் அறைதான். டப்ளின் நகரின் வடகரையில், ஆர்டன் தெருவில், பதினான்காம் எண் வீட்டின் தரைத்தளப் பின்னறை. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் செங்கல் சுவர், நாலு மாடி, இருபுறமும் அடுத்த வீடுகளோடு தோளொட்டி நிற்கும். கட்டிய சீமான்கள் பவிசையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டார்கள். டெல்லாவின் அறை ஒரு காலத்தில் அவர்களுடைய சாப்பாட்டுக்கூடம். மேலே சுண்ணாம்பில் செய்த பறவைகள் திராட்சையைக் கொத்திக்கொண்டிருக்கும். கீழே அவளும், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் புருஷன் மலக்கியும், நாலு பிள்ளைகளும் இரண்டு கட்டிலில் படுத்திருப்பார்கள். சீமான்கள் கைகழுவிவிட்டுப் போய் நூறு வருஷம் ஆகியிருந்தது. பிறகு வந்த வீட்டுக்காரர்கள் அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். டெல்லா காலத்தில் உள்ளே அறுபத்திரண்டு பேர், முற்றத்தில் ஒரே குழாய்.

1947-இன் குளிர் அந்த வீட்டில் யாரையும் சும்மா விடவில்லை. நிலக்கரி கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக எரிக்கக் கிடைத்த கரிமண் கட்டியெல்லாம் ஈரம். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். குளிர் வந்தபோது மாடிப்படியின் கைப்பிடிக் கம்புகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அடுத்து அறைக்கதவுகள் போயின. டெல்லாவின் கைக்குழந்தை டெக்லனுக்கு நெஞ்சு கட்டி மூச்சு இழுத்தது. சூடாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். எதை வைத்துச் சூடாக்குவது என்று அவரும் சொல்லவில்லை.

இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த தடுப்புச்சுவரைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் ஒலிக்கும். செங்கல் இல்லை, மரப்பட்டிகளின் மேல் பூசிய சுண்ணாம்பு, அவ்வளவுதான். அது எதையும் தாங்கவில்லை என்றுதான் அந்தத் தெருவில் எல்லாரும் நம்பினார்கள். மலக்கி வேலைக்குப் போயிருந்தபோது டெல்லாவே ஒரு மூலையைப் பெயர்த்தாள். உள்ளே தொடை கனத்துக்கு ஒரு கட்டை சாய்வாகப் போயிற்று. நேராக நிற்காமல் கோணலாகக் கிடக்கிறதே, இது எதற்கு ஆகப்போகிறது என்று நினைத்தாள். இரவல் ரம்பத்தால் அறுத்தாள். பிசின் மணத்தோடு அது எட்டு நாள் எரிந்தது. குழந்தை பிழைத்தது. ஓட்டையின் மேல் காகிதம் ஒட்டி, திரு இருதய ஆண்டவர் படத்தை மாட்டினாள்.

மேலறைக்கு மோனா டெம்ப்ஸி குடிவந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. அவளும் டெல்லாவும் முதல் வாரமே ஒட்டிக்கொண்டார்கள். தன் வீட்டில் முட்டை கீழே விழுந்தால் தேட வேண்டியதே இல்லை, நேராக அந்த மூலைக்கு உருண்டு போய்விடும் என்று மோனா சொல்லிச் சிரிப்பாள். டெல்லாவும் சிரிப்பாள். எந்த மூலை என்று அவளுக்குத் தெரியும். அவள் கட்டையை அறுத்த இடத்துக்கு நேர் மேலே.

1963 ஆனி மாதம். ஊரில் வேறு இடங்களில் பழைய வீடுகள் விழுந்து ஆட்கள் செத்துப்போனார்கள். உடனே மாநகராட்சி வீடு வீடாகச் சோதிக்க ஆட்களை அனுப்பியது. நம் ஜனங்களுக்கு இடிந்த சுவரைவிட அந்த ஆட்களிடம்தான் பயம் அதிகம். வீடு ஆகாது என்று எழுதிவிட்டால் எல்லாரையும் அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே, கடையும் தெரிந்த முகமும் இல்லாத புதுக் குடியிருப்பில் கொட்டிவிடுவார்கள். அதனால் தெருமுனையில் சோதனைக்காரர் தலை தெரிந்ததும் ஒரு சீழ்க்கை கேட்கும். விரிசல் மேல் வெள்ளை பூசுவார்கள், பீரோவை நகர்த்தி மறைப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. அந்தத் தெருவே அதில் கைதேர்ந்தது.

அன்று காலை மோனா ஓடி வந்து டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டு விரிசல்மேல் கட்டிலைத் தள்ளியாயிற்று என்றாள்.

"நீயும் வாயைத் திறந்துடாதே டெல்லா. உனக்குப் புண்ணியமாப் போகும். அங்க தூக்கிப் போட்டுட்டான்னா நான் செத்தே போயிருவேன்."

சோதனைக்காரர் நல்ல மனுஷன். கூரையின் மூலையை அண்ணாந்து பார்த்தார். பறவைகளின் நடுவே ஒரு கோடு ஓடியிருந்தது. தடுப்புச்சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"இந்தச் சுவத்துல யாராவது கை வெச்சீங்களாம்மா?"

வாசலில் மோனா நின்றிருந்தாள்.

"இல்லீங்க ஐயா" என்றாள் டெல்லா.

அவர் எழுதிக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் முற்பகலில் பெரிய இடி இடித்தது. டெல்லா ரொட்டி வாங்கப் போயிருந்தாள். மோனா முற்றத்துக் குழாயடியில் இருந்தாள். மேலறையின் தரை அந்த மூலையில் பிய்ந்து டெல்லாவின் கட்டிலின்மேல் இறங்கியது. அம்மை போட்டு மேலே படுத்திருந்த மோனாவின் மகள் ஓனாவும் அதோடு இறங்கிச் செத்துப்போனாள். ஆறு வயது.

காரணம் இடியின் அதிர்வுதான் என்று முடிவாயிற்று. வீட்டில் இருந்த மற்ற எல்லாரையும் அந்தப் புதுக் குடியிருப்புக்கே அனுப்பினார்கள். எதற்குப் பயந்தார்களோ அதுவே நடந்தது. மோனாவுக்கும் டெல்லாவுக்கும் அடுத்தடுத்த வாசல். முப்பத்தெட்டு வருஷம் டெல்லா ஞாயிறுதோறும் ஒரு சட்டி ஆட்டுக்கறிக் குழம்போடு மோனாவின் கதவைத் தட்டினாள். ஓனாவின் நினைவுப் பூசைக்கு ஒரு வருஷமும் தவறவில்லை. இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைப்பாள் என்று மோனா எல்லாரிடமும் சொல்லுவாள். ஒவ்வொரு முறையும் அது டெல்லாவைச் சுட்டது. அந்தக் குளிரில் பிழைத்த டெக்லன் இங்கிலாந்துக்குப் போனவன் போனவன்தான். கடிதம்கூடக் கிடையாது.

பதினான்காம் எண் வீட்டைப் பிற்பாடு அரசாங்கம் பழங்காலக் கட்டடம் என்று பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. இனி அனுமதி இல்லாமல் அதில் ஓர் ஆணி அடிக்கக் கூடாதாம். மனுஷர் இருந்தவரை எந்தப் பட்டியலும் இல்லை, இப்போது சுண்ணாம்புப் பறவைக்குக் காவல்! செப்பனிட்டு முடித்ததும் பழைய குடித்தனக்காரர்களை அழைத்தார்கள். 2001-இல் எண்பது வயது டெல்லாவும் எழுபத்திரண்டு வயது மோனாவும் கைகோத்துக்கொண்டு போனார்கள்.

கட்டடக்கலை படித்த ஒரு பெண் சுற்றிக் காட்டினாள். தடுப்புச்சுவரை ஓரிடத்தில் திறந்து கண்ணாடி போட்டிருந்தார்கள். பார்வைக்குத் திரைபோல இருந்தாலும் இந்தச் சுவர்தான் மேல்தளத்தையே சுமந்தது, உள்ளே சாய்ந்த கட்டைகள் பாலம்போல பாரத்தை இரு பக்கமும் கடத்தும் என்றாள். அதில் ஒன்றை யாரோ எப்போதோ அறுத்திருக்கிறார்கள், ரம்பப் பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது என்றாள். பிறகு அடுத்த அறைக்கு நகர்ந்தாள்.

மோனா நகரவில்லை. கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எந்தப் பாவி கை வைத்தானோ அவன் புழுத்துத்தான் செத்திருப்பான் என்றாள்.

"நான்தான் மோனா" என்றாள் டெல்லா. குளிரையும், டெக்லனின் நெஞ்சையும், எட்டு நாள் நெருப்பையும் சொன்னாள்.

மோனா கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் சொன்னாள்: "அறுத்ததுக்கு நான் உன்னைக் கேக்கலே. என் பிள்ளை அப்படிக் கிடந்தா நானும் அறுத்திருப்பேன். அந்த ஆள் வந்து நேருக்கு நேரா கேட்டானே. அப்ப ஏன்டி சொல்லலே?"

பதில் டெல்லாவின் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறக்காதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சியது நீதானே. பொய்யில்லை. சொன்னால் தன் பாரம் பாதியாகும். மறுபாதி சாகும்வரை இவள் தலையில் ஏறும். மோனாவுக்கு அது மறந்தே போயிருந்தது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"பயந்துட்டேன்" என்றாள் டெல்லா.

மோனா மேல்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். "இனிமே ஞாயித்துக்கிழமை வராதே" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக வாசற்படி இறங்கினாள். டெல்லா கூப்பிடவில்லை.