கிடைக்காத ஜாமீன்

சபையாரே, நான் அழாமல் இதைச் சொல்லி முடிக்க எனக்காக ஒரு நிமிஷம் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது இங்கிலீஷ் 1924-இல், வந்த பெருவெள்ளத்துக்கு மறுவருஷம் என் வீட்டுக்காரர் தவறிப்போனார். எங்கள் மகள் எஸ்தருக்கு அப்போது மூன்று வயது. நாகர்கோவில் பக்கம் இருந்த என் தங்கையிடம் பிள்ளையை விட்டுவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். பஸ் ஏறும்போது அவள் என் முந்தானையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுத்தேன்.

சேர்ந்து இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் கிளார்க் ஒரு முத்திரைக் காகிதத்தைக் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். ஐந்து வருஷம் வேலையை விடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குப் போகலாம். சேரும்போது இதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

“ஒப்பிடணும், கேட்டோ. நிலம் உள்ள ஆளு ஒருத்தர் ஜாமீன் நிக்கணும். இல்லெங்கி ஜோலி ஸ்திரமாகாது,” என்றார்.

எரிச்சலாக வந்தது. ஆனால் வேலை போனால் பிள்ளைக்குக் கஞ்சி ஏது? ஒப்பிடத் துணிந்துவிட்டேன். சொந்தப் பனந்தோப்பு உள்ளவரும், திருவனந்தபுரம் சாலை பஜாருக்குக் கருப்பட்டி கொண்டுவருபவருமான என் வீட்டுக்காரரின் அண்ணனிடம் போய் ஜாமீனுக்குக் கெஞ்சினேன்.

“எம்மா, நாளைக்குப் பிள்ள நெனப்பு வந்து நீ ஓடி வந்திட்டா எம் பனவிளையில்லா போவும்?” என்று கையை விரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரித் துணி காயப்போடும் இடத்தில் முழங்கால்படியிட்டேன். ஜெபமா அது? சண்டை! “ஒரு ஜாமீன்காரரைத் தர உம்மால் ஆகாதா? என் பிள்ளை என்னைத் தேடி அழவாவது விடாதேயும்” என்று புலம்பினேன்.

ஜாமீன் கிடைக்கவேயில்லை. ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கும்வரை தற்காலிகமாக இருக்கச் சொன்னார்கள். கர்த்தர் என்னைக் கைவிட்டார் என்றே நினைத்தேன்.

ஆடி மாதம், கர்க்கடக மழையில் தங்கையின் தபால் கார்டு வந்தது. எஸ்தருக்குப் பத்து நாளாக விஷக்காய்ச்சல். அம்மா எங்கே என்று கேட்டு அழுகிறாளாம். என்னோடு வேலை பார்த்த சாறாம்மா ஏற்கெனவே ஒப்பிட்டவள். தகப்பனார் அடக்கத்துக்கே அவளை விடவில்லை. அவளே என் பெட்டியை அடுக்கினாள்.

“நீ ஒப்பிட்டில்லல்லோ. உன்னத் தடுக்க ஆருமில்ல. போ,” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒன்பது நாள் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. எட்டாம் நாள் கண் திறந்து கேட்டாள்.

“அம்மா, இனியும் போவியா?”

“போவமாட்டேன் மக்களே.”

அந்த வார்த்தையைப் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. என் முந்தானையைப் பிடித்தபடியே உறங்கினாள். மறுநாள் கர்த்தர் அவளை எடுத்துக்கொண்டார். அந்த விரல்களைப் பிரிக்க என்னால் ஆகவில்லை. தங்கைதான் பிரித்தாள்.

சுகமாக்கியிருக்கலாமே என்று இன்றும் அவரிடம் கேட்கிறேன். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் என் பிள்ளை என்னைத் தேடி அழுதுகொண்டே போகவில்லை. அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த மாதம் வீட்டுக்காரரின் அண்ணன் தாமாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து, அழுதுகொண்டே ஜாமீன் ஒப்பிட்டார். நானும் ஒப்பிட்டேன். ஓடிப்போக இனி எனக்கு யார் இருக்கிறார்கள்? அந்த ஐந்து வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எந்த நர்ஸுக்காவது வீட்டிலிருந்து கார்டு வந்தால், அவள் முறையை நான் பார்த்துக்கொண்டு அவளை அனுப்ப மேலிடத்தில் மன்றாடுகிறேன்.

சகோதரிகளே, கேட்டது கிடைக்காமல் கர்த்தரோடு சண்டை போடுகிறீர்களா? போடுங்கள். முழங்காலிலிருந்து மட்டும் எழுந்து போய்விடாதிருங்கள்.