வெங்குர்லாவுக்குப் படகை இழுத்துப் போனோம்

மறுநாள் வெங்குர்லாக் கடலில் தொடங்கும் பாய்மரப் பந்தயத்துக்காக, வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பூனா அருகே கடக்வாஸ்லா ஏரிக்கரையில் மூன்று பேர் இருந்தோம். மிருணாள் மேடம் படகுக்குச் சொந்தக்காரர்; ஹிஞ்சேவாடியில் மென்பொருள் வேலை; பந்தயத்தில் சுக்கான் அவர் கையில். செல்வம் அண்ணன் தேஹு ரோட்டில் எங்கள் சந்திலேயே குடியிருப்பவர், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மூன்றாவது ஆள் நான். வராதவர் அபய், மேடத்தின் தம்பி. ஒன்பது வருஷமாக அந்தப் படகை ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டியதும், தன் காரில் இழுத்துப் போனதும், பந்தயத்தில் பாய்க்கயிறு பிடித்ததும் அவர்தான். அலுவலகப் படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தார். அதனால் பாய்க்கயிறு, விடுமுறை நாட்களில் ஏரியில் அவர்களோடு பாய் பழகிய எனக்கு வந்தது. அவர் காரும் இல்லாததால் செல்வம் அண்ணனை நான் சிபாரிசு செய்தேன். டீசலோடு கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய் என்று பேச்சு.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆளுயரத்துக்கு மேல் அகலமாக, இரண்டு ஒல்லியான ஃபைபர் ஓடங்கள் பக்கம் பக்கமாக; அவற்றை இணைக்க அலுமினியக் குழாய்கள்; நடுவில் உட்கார வலைத்துணி. நீளம் பதினாறு அடி. ஆனால் பாய்மரம் மட்டும் இருபத்தாறு அடி. அதைப் படுக்க வைத்துக் கட்டினால் முன்னால் பிக்கப்பின் கூரைமேல் நீட்டிக்கொண்டும் பின்னால் வால் மாதிரி துருத்திக்கொண்டும் நிற்கும். இரண்டு நுனியிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தோம்.

ஏற்றிக் கட்டும் வேலையை முந்தின நாள் மதியமே வெயிலில் நான் முடித்துவிட்டேன். எனக்கு வேலை சாகண் தொழிற்பேட்டையில். பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்குக்குள் காற்றை அடைத்து, தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிற வேலை. ஒரே ஒரு குமிழி வந்தாலும் அந்த டேங்க் கழிவுக்குப் போகும். எங்கள் வீட்டில் முதலில் டிப்ளமா படித்தவன் நான். எந்தத் திருகாணியையும் கடைசிச் சுற்று வரை திருகாமல் விட்டதில்லை. ஓடங்களின் பின்முனையில், உள்ளே சேரும் தண்ணீரை வடிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை உண்டு. அவற்றின் மூடிகள் ட்ரெய்லர் பெட்டிக்குள் ஒரு பழைய சோப்பு டப்பாவில் கிடந்தன. அபய் மாட்ட மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கிரீஸ் தடவி இறுக்கி மாட்டினேன். மேல்தளத்தில் உள்ள வட்டத் திறப்புகளையும் புழுதி போகாதபடி டேப் ஒட்டி அடைத்தேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, "அபய்கூட இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டான்" என்று ஹிந்தியில் சொன்னார்.

ஐந்தேகால் மணிக்குக் கிளம்பினோம். முன்னிருக்கையில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வேகம் அறுபதைத் தாண்டக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. கட்ரஜ் தாண்டி, முதல் சுங்கச்சாவடியில் அகல வண்டிகளுக்கான ஓரப் பாதையில் விட்டார்கள்.

7.30, சாத்தாரா. 110 கிலோமீட்டர். டீ பன்னிரண்டு ரூபாய், வடாபாவ் இருபது. கடைக்காரர் வெளியே வந்து ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, இது என்ன என்று மராத்தியில் கேட்டார்.

"விமானத்தோட ரெக்கை. ரிப்பேருக்குப் போகுது" என்றார் செல்வம் அண்ணன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

10.20, கோலாப்பூர். 235 கிலோமீட்டர். அங்கே கேட்ட போலீஸ்காரரிடம் அண்ணன், "மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கு மேடை, சாப்" என்றார். ட்ரெய்லரின் பதிவுத்தாளை நான் எடுத்து நீட்டுவதற்குள் அவர் சல்யூட் அடிக்காத குறையாக வழிவிட்டார்.

"ஏன்ணா பொய் சொல்ற?"

"நெஜத்த சொன்னா நம்பமாட்டான்டா தம்பி. மலை மேல எவன் படகு இஸ்துகினு போவான்? அப்புறம் அர மணி நேரம் வெளக்கம் சொல்லணும்."

நிப்பாணி தாண்டி நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினோம். கரும்பு வண்டிகள். 12.30க்கு ஆஜரா அருகே, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று அண்ணன் கண்ணில் படவில்லை. ட்ரெய்லர் தூக்கிப் போட்டது. "அரே, மெதுவா!" என்று மேடம் கத்தினார். இறங்கிப் பார்த்தோம். கட்டு எதுவும் அவிழவில்லை. அதன்பின் மேடத்தின் கண் பக்கக் கண்ணாடியைவிட்டு அகலவே இல்லை.

1.20, அம்போலி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய எழுநூறு மீட்டர். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து ஒரே இறக்கம். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் நான் இறங்கி முன்னால் நடந்து, எதிரே வரும் பஸ்ஸை நிறுத்தினேன். இறங்க இறங்கப் புழுக்கம் ஏறியது.

2.30, சாவந்த்வாடி. 390 கிலோமீட்டர். பெட்ரோல் பங்கில் தண்ணீர்க் குழாய் இருந்தது. படகு முழுக்கச் செம்மண். பந்தயத்துக்கு முன் படகைப் பரிசோதிக்கும் சோதகர் கண்ணில் சுத்தமாகப் படட்டுமே என்று குழாயைப் பிடித்து இடது ஓடத்தின்மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினேன். எண்ணெய் டின்னை அமுக்கினாற்போல 'டப்' என்று ஒரு சத்தம்.

மேல்தளத்தில், முன்பு எப்போதோ ஒட்டுப்போட்ட இடம், உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே அமுங்கியிருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

மேடம் அதைத் தடவிப் பார்த்தார். "அந்த வேகத்தடை" என்றார் செல்வம் அண்ணனைப் பார்த்து. "அப்பவே விட்டுப்போயிருக்கு. இப்போ தண்ணி பட்டதும் விழுந்துடுச்சு. நாளை காலை ஒன்பது மணிக்குச் சோதனை. இப்படியே போனால் தண்ணியில இறக்க விடமாட்டாங்க."

"என் தப்புதான் மேடம்" என்றார் அவர், காதைத் தொட்டுக்கொண்டு. "எவ்ளோ ஆவுதோ வாடகையில புடிச்சிக்குங்க."

"பிடிக்கத்தான் போறேன். இனிமே வேற வண்டிதான்."

அவர்கள் முன்னால் நின்று பேசும்போது நான் பின்னால் போய், உள்ளே தண்ணீர் இறங்கியதா என்று பார்க்க வலது ஓடத்தின் மூடியைத் திருகினேன். அசையவில்லை. துணி சுற்றிப் பலமாகத் திருகியதும் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. வெளியே வரவில்லை, உள்ளே போனது.

அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. பூனாவின் மெல்லிய மலைக்காற்றை இரண்டு ஓடங்களிலும் அடைத்து, ஒரு குமிழிகூடப் போக வழியில்லாமல் பூட்டி, கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இங்கே வெளிக்காற்று கனம். நாலாபக்கமும் அது அமுக்கியிருக்கிறது. போதாததற்குக் குளிர்ந்த நீரைவேறு ஊற்றி, உள்ளே இருந்த காற்றை இன்னும் சுருக்கினேன். தினம் எட்டு மணி நேரம் இதே கணக்கைத்தான் பார்க்கிறேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பாய்க்கயிறு என் கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். மூவரும் மறுபடி நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

வெங்குர்லாவுக்கு 28 கிலோமீட்டர். ஊர் எல்லையில் இளநீர் வண்டியருகே நிறுத்தினோம். ஒன்று நாற்பது ரூபாய். வெட்டிக்கொண்டே அந்த அம்மாள் ட்ரெய்லரைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். நான் செல்வம் அண்ணனைப் பார்த்தேன்.

"படகு" என்றார் அவர். அவ்வளவுதான்.

இளநீரை வண்டிமேல் வைத்தேன். "மேடம், வேகத்தடை இல்லை. நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்: சோப்பு டப்பா, கிரீஸ், டேப், காற்று உள்ளே போன சத்தம். முதலில் ஹிந்தியில், பிறகு அண்ணனுக்காகத் தமிழில்.

"டேய்! இருவத்தெட்டு கிலோமீட்டர்டா! அதுவரைக்கும் வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த?" என்று அண்ணன் என் முதுகில் ஒன்று போட்டார். வலித்தது.

மேடம் அபய்யைப் போனில் கூப்பிட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி வைத்தார்.

"மூடியா? அதை டப்பாவில் போட்டுட்டுத்தானே வண்டி எடுப்போம்? மலை இறங்கும்போது திறந்திருக்கணும். இது யாருக்குத் தெரியாது?"

"ஒன்பது வருஷமா எனக்குத் தெரியாது. யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கலையே!"

போனை வைத்துவிட்டு மேடம் செல்வம் அண்ணனிடம், "மன்னிச்சுக்கோங்க அண்ணா. பேசின வாடகை முழுசா உங்களுக்கு" என்றார். என் பக்கம் திரும்பி, "நீதானே லீக் டெஸ்ட் பண்றவன்?" என்றார். "நாளைக்குப் பாய்க்கயிற்றையும் இப்படியே இறுக்கிப் பிடி" என்றார்.

மாலை நாலரைக்கு, மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டும் ஒருவரைக் கண்டுபிடித்தோம். அமுங்கிய இடத்தை அறுத்தெடுத்து, கண்ணாடித்துணி வைத்துப் பசை பூசினார். 2,300 ரூபாய். காலை எட்டே முக்காலுக்குச் சோதகர் வந்து கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்; சுரண்டிப் பார்த்தார்; தலையாட்டினார். இரண்டு நாளில் ஐந்து பந்தயம். பதினொரு படகுகளில் ஏழாவதாக வந்தோம். ஏரியில் காற்று நின்று நின்று வரும். இங்கே அது நிற்கவே இல்லை. என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். துளைகள் திறந்திருந்தன. மூடிகள் செல்வம் அண்ணனின் சட்டைப்பையில். ஒவ்வொரு கொண்டை ஊசி ஏறியதும் பையைத் தட்டிப் பார்த்து, "கீது, கீது" என்றார். ஆஜராவில் டீ குடிக்கும்போது ஒருவர் வந்து, இது என்ன என்று கேட்டார்.

"சந்திரனுக்குப் போய்ட்டு வருது. கை வச்சிடாதீங்க, சூடா இருக்கும்."

மேடம் டீயைத் துப்பிவிட்டார்.

கணக்கு கோலாப்பூருக்கு அப்புறம் நடந்தது. ஒட்டுப்போட்ட காசை முழுவதும் நான் தருகிறேன் என்றேன். "மாட்டினவன் பாதி, சொல்லாதவன் பாதி" என்று மேடம் தீர்ப்புச் சொல்லி, அபய் பெயரில் 1,150 எழுதினார். வாடகை, அண்ணனின் மூன்று நாள் பேட்டா, சுங்கம், அறை, சாப்பாடு, பந்தயக் கட்டணம், ஒட்டு எல்லாம் சேர்த்து 32,438 ரூபாய். சாத்தாராவில் நிறுத்தி, மூடிகளைக் கோத்து வண்டிச் சாவியோடு தொங்கவிட ஒரு நைலான் கயிறு வாங்கினேன், முப்பது ரூபாய். அதையும் எழுதச் சொன்னேன். ஆக மொத்தம் 32,468 ரூபாய்.