குளத்துப் பானை

எங்கள் கொல்லையில் நிற்கும் நீலப் பிளாஸ்டிக் குளம் பேரப்பிள்ளைகள் குளிக்க மகன் வாங்கியது. இரும்புக் குழாயில் தார்ப்பாயை மாட்டி நிறுத்தினால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். விடுமுறை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, தண்ணீரைத் திறந்துவிட்டு மடித்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். தூத்துக்குடியில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவள் நான். கொட்ட மனசு வரவில்லை. குளிக்கப் போட்டிருந்த மருந்து வாடை போகும்வரை வெயிலில் விட்டு, தண்ணீர் பச்சை பிடித்த பிறகு இருபது ஜிலேபிக் கெண்டை வாங்கி விட்டேன். கடற்கரைக்காரிக்கு மீன் வளர்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தினமும் மத்தியானம் என் தம்பி சாப்பிட வருவான். ஒண்டிக்கட்டை, பக்கத்துத் தெருவில் இருக்கிறான். சோறு போடுவேன், முகம் கொடுத்துப் பேச மாட்டேன். நாற்பது வருஷமாக அப்படித்தான்.

எங்கள் ஆட்களில் கடலில் சங்கு குளிக்க இறங்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றைத் தோணியில் இருக்கும் மச்சினன் கையில்தான் கொடுப்பான். அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பியும் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டான் என்பதற்காக. என் வீட்டுக்காரர் கடைசியாக இறங்கிய அன்று தம்பிதான் கயிறு பிடித்தான். கயிறு வெறுமனே மேலே வந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அத்தான் தானே போட்ட முடிச்சு, அவிழ்ந்துவிட்டது என்று தம்பி மாதா மேல் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. அவர் போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். நுனியை உள்ளே தள்ளித்தான் அவிழ்க்க வேண்டும், அதற்கு ஒரு கை வேண்டும். எனக்கும் கற்றுக் கொடுத்திருந்தார். எழுத்து எனக்கு அரைகுறை, முடிச்சு அப்படியில்லை. அன்றைக்குத் தம்பியே ஏனோதானோ என்று கட்டியிருப்பான் என்றுதான் இத்தனை காலமும் மனசில் வைத்திருந்தேன்.

ஒரு மாசம் மீன்கள் நன்றாகத் துள்ளின. அப்புறம் தீனி எடுப்பதை விட்டுவிட்டன. உச்சி வெயிலில் இருபதும் குளத்தின் நடுவில் வட்டமாக நிற்கும். தலை எல்லாம் உள்பக்கம், மூக்கு கீழே. சோற்றுப் பருக்கை மேலே மிதந்தாலும் திரும்பாது. அடியில் பார்த்தால் நீலத் தார்ப்பாயைத் தவிர ஒன்றுமில்லை.

தம்பி கைகழுவ வந்தவன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"எக்கா, அடியில ஆளு மண்ணக் கிளறினா மீனு இப்பிடித்தான் சுத்தி நிக்கும்."

வெயில் தாங்காமல் நிற்கிறது, போய் வேலையைப் பார் என்றேன். மறுநாள் நிழலுக்காக ஒரு மண்பானையை உள்ளே இறக்க எடுத்தேன். வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவ வேண்டுமே என்று கழுத்தில் நைலான் கயிறு கட்டினேன். என் வீட்டுக்காரர் முடிச்சுத்தான், காலால் மிதித்து இறுக்கினேன். நாற்காலியில் இருந்த தம்பி கேட்காமலே மறு நுனியை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டான். பழகிய கை.

பானை அடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"எக்கா, இழுக்கு."

"மீனு இடிச்சிருக்கும்ல."

"மீனு இல்ல. ரெண்டு இழுப்பு. தூக்கச் சொல்லி அத்தான் இழுக்குத மாதிரி."

தூக்கு என்றேன். தூக்கினான். பாரம் இல்லாமல் கயிறு வந்தது. நான் வாங்கி நுனியைப் பார்த்தேன். அறுபடவில்லை, பிரியவில்லை. முடிச்சு இருந்த இடத்தில் வளைவு மட்டும் இருந்தது. பானை போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மீன்கள் அதைச் சுற்றி நின்றன, ஒன்றுகூட அசையவில்லை. நாங்கள் யாரும் தண்ணீருக்குள் கை விடவில்லை, இருவர் முழங்கையும் உலர்ந்தே இருந்தது.

"அன்னைக்கும் இப்பிடித்தான் வந்துதா?"

"இப்பிடியேதான் எக்கா."

உள்ளே போய் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறும் குழம்பும் கொண்டுவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். அவன் அழுதுகொண்டே தின்றான்.

மகன் ஒவ்வொரு தடவையும் போனில் குளத்தை மடித்தாயா என்று கேட்கிறான். மடிக்கவில்லை. பானையும் அடியில்தான் கிடக்கிறது. கையை விட்டு எடுக்க நான் போகவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் முடிச்சை அவிழ்த்த கை எதுவோ, வேண்டுமென்றால் அதுவே எடுத்துத் தரட்டும்.