பதினாறு இஞ்சும் என் தோளும்

பிள்ளைகளா, நீங்களும் ஒருநாள் லேப்டாப் வாங்கக் கடைக்குப் போவீர்கள். கூடவே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவீர்கள். தப்பில்லை, கூட்டிப் போங்கள். ஆனால் அவர் பேச்சை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். மும்பையில் தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை சைக்கிளில் போய் இட்லி விற்கிறேன். லேப்டாப்பைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் பேசினேன். நிறையப் பேசினேன்.

என் மகளுக்குக் கட்டடம் வரையும் படிப்பில் இடம் கிடைத்து, வகுப்பும் தொடங்கியிருந்தது. காலேஜ் வி.டி. ஸ்டேஷன் பக்கம். கட்டடத்தைக் கம்ப்யூட்டரிலேயே எழுப்பி, நாலு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டுமாம். லேப்டாப் தினமும் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வாங்கிய சாமான் சரியில்லாமல் அவள் படிப்பு தடுமாறிவிடக் கூடாதே என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம்.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று பதினாலு இஞ்சு. கையில் எடுத்தால் பரீட்சை அட்டை மாதிரி இருந்தது. "சாதாரண வேலைக்கு நல்லா ஓடும். பெரிய படம்னா கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்றார். இன்னொன்று பதினாறு இஞ்சு. படத்துக்கென்றே உள்ளே தனி சிப்பு, சூடு தணிக்க இரண்டு ஃபேன். எடை இரண்டரைக் கிலோ, சார்ஜர் தனி. அந்த சார்ஜரைத் தூக்கிப் பார்த்தேன். செங்கல் துண்டு மாதிரி அரைக் கிலோ கனம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கு உடனே பெரியது பிடித்துப்போனது. டிவி வாங்கப் போகிறவன் சின்னதாகக் கொடு என்றா கேட்பான்? இவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

மகள் மட்டும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பா, ரெண்டரைக் கிலோ. தினமும் ட்ரெயின்ல தூக்கிட்டுப் போகணும்" என்றாள்.

"ரெண்டரைக் கிலோ ஒரு கனமாட்டி? உங்கப்பன் காலையில எவ்வளவு இட்லி தூக்குதான் தெரியுமா? அதுல சட்னி வாளி வேற."

"நீங்க எங்கப்பா தூக்குதீங்க? சைக்கிள்லா தூக்குது. நீங்க மிதிக்கீங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. வாங்காமலேயே வீட்டுக்கு வந்தோம்.

வீட்டில் மனைவியிடம் பஞ்சாயத்து போனது. அவள் இரண்டு பக்கமும் சேரவில்லை. "யாரு தோளுல தொங்கப் போகுதோ அவகிட்ட கேளுங்க" என்றாள். நான் விடுவேனா? "நாளைக்கு நானே அந்தக் கனத்தைத் தூக்கிட்டு இவ கூட வி.டி. வரைக்கும் போய்க் காட்டுதேன். அப்புறம் பேசுங்க" என்றேன்.

மறுநாள் இட்லிக்கு லீவு. மகளுடைய பையில் எங்கள் தராசிலேயே நிறுத்து இரண்டரைக் கிலோ இட்லி அரிசியை வைத்தேன். சார்ஜருக்கு அரைக் கிலோ துவரம்பருப்பு. அரிசி லேப்டாப், பருப்பு சார்ஜர். வேறு யாருக்கு இந்த யோசனை வரும் சொல்லுங்கள்? எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தபோது, வேண்டுமென்றே கையை வீசி நடந்தேன். மகள் பார்க்க வேண்டுமல்லவா?

கல்யாண் ஊரிலிருந்து வரும் வண்டி சயானுக்கு வரும்போதே வாசல் வரை நிறைந்திருக்கும். மகள் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், ஏறிக்கொண்டாள். நான் ஆண்கள் பக்கம் ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது மரியாதைக்காக. ஏற்றப்பட்டேன்.

நான் சைக்கிள்காரன், ஆபீஸ் நேரத்து ட்ரெயினில் போகிற ஆள் இல்லை. பையை முதுகிலேயே விட்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர், "பாய்சாப், பேக் ஆகே லோ" என்று கத்தினார். பையை முன்னால் போட்டுக்கொள், அதுதான் லோக்கல் ட்ரெயின் சட்டம். இன்னொருவர், "உள்ளே கல்லையா வச்சிருக்கே?" என்று ஹிந்தியில் கேட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "லேப்டாப் ஹை" என்றேன்.

அந்த நெரிசலில் பையை முன்பக்கம் திருப்ப ஒரு கையை வாரிலிருந்து உருவினேன். வார் யாருடைய குடையிலோ மாட்டியது. இழுத்தேன். ஜிப் வாய் திறந்தது. உள்ளே கவரும் கிழிந்திருக்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருடைய சட்டை, மடி, செருப்பு எல்லாம் இட்லி அரிசி.

கதவுப் பக்கமிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. மாட்டுங்காவில் என்னிடம் தினமும் இட்லி வாங்குகிறவர்.

"என்ன அண்ணாச்சி, லேப்டாப்புல இருந்து அரிசி கொட்டுது?"

நான் ஜிப்பை இழுத்து மூடப் பார்த்தேன்.

"எத்தனை இஞ்சு அண்ணாச்சி, பொன்னியா இட்லி அரிசியா?"

டப்பாவே சிரித்தது. அரிசி விழுந்தவரும் மடியைத் தட்டிக்கொண்டே சிரித்தார். அது ஒன்றுதான் அன்றைக்கு என் அதிர்ஷ்டம். குனிந்து பொறுக்கவும் இடமில்லை. கிழிந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மீதி அரிசியை நெஞ்சோடு அணைத்தபடி வி.டி. வரை நின்றேன். நடுவழியிலேயே இடது தோள் மரத்துவிட்டது. பாதி கனம் கொட்டிப்போன பிறகு இந்த நிலைமை.

பிளாட்பாரத்தில் மகள் வந்து என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "வலிக்குதாப்பா?" என்று கேட்டாள்.

"சேச்சே" என்றேன். தோளைத் தொட்டாள். ஆ என்று வாய் தானாகக் கத்திவிட்டது.

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவள் மனதில் இருந்ததைச் சொன்னாள். காலேஜில் ஒரு சீனியர் அக்கா பெரியது வாங்கி, தூக்க முடியாமல் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறாளாம். காலேஜ் கம்ப்யூட்டர் எப்போது காலியாகும் என்று காத்துக் கிடக்கிறாளாம். "ஆனா எனக்குச் சின்னதை வாங்கவும் பயமா இருக்குப்பா. படம் திரும்பவே திரும்பாம நின்னுடுச்சுன்னா?"

நான் இத்தனை நாள் பேசிய பேச்சில் உனக்கு எது பயம் என்று ஒரு தடவையாவது அவளிடம் கேட்டிருக்கிறேனா? இல்லை. பெரியதா சின்னதா என்று மட்டும் சண்டை போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடைக்குப் போனோம். இந்தத் தடவை அவள் காலேஜ் கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு கட்டடத்தைப் பென் டிரைவில் கொண்டு வந்திருந்தாள். வரையும் புரோகிராம் போட்டிருந்த இரண்டு லேப்டாப்பிலும் அதைத் திறந்து பார்க்கக் கடைக்காரர் விட்டார். பெரியதில் கட்டடம் ராட்டினம் மாதிரி சுற்றியது. சின்னதில் விக்கி விக்கித் திரும்பியது. திரும்பிவிட்டது, நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் மெமரி போட்டால் விக்கல் குறையும் என்றார் கடைக்காரர்.

"இது போதும்பா" என்றாள் மகள். என் வாய் 'ஆனா' என்று திறந்தது. தோள் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டேன்.

வரைந்ததை அவள் காலேஜில் முதல் தடவை காட்ட வேண்டிய நாளன்று நல்ல மழை. சாயங்காலம் நனைந்துகொண்டு வந்தாள். "ரெண்டு ஜன்னல் போட மறந்துட்டேன். ட்ரெயின்ல மடியில வச்சே போட்டுட்டேன். மிஸ் முன்னாடி படம் மெதுவாத்தான் திரும்புச்சு. அவங்க காத்திருந்து பாத்தாங்க. நல்லா இருக்குன்னுட்டாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "நான் அப்பவே சொன்னம்லா, சின்னதுதான் சரின்னு" என்றேன்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "எப்பங்க சொன்னீங்க?"

சாப்பிட்டு முடித்தவன் மாதிரி நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அப்போது நான் சாப்பிடக்கூட ஆரம்பிக்கவில்லை.