கூப்பிடாமலே பெயர் சொல்லும் பெட்டிகள்

பழைய நெட்வொர்க்குகளைப் பழுது பார்க்கப் போனால், நாம் கேபிளைச் சோதிக்கும் முன் வாடிக்கையாளர் நம்மைச் சோதித்துவிடுவார். இதே பிழைப்பில் இருப்பவர்கள் தலையாட்டுவீர்கள்.

தப்பான உறை

போசரியில் ஒரு தொழிற்சாலை. தகடு வெட்டும் மிஷினுக்கு வரைபடம் ஒரு அரதப்பழசான சர்வரிலிருந்துதான் வர வேண்டும். யாரோ புது கம்ப்யூட்டரை மாட்டியதும் சர்வர் கண்ணிலேயே படவில்லை. கேபிள் சரி, விளக்கும் எரிகிறது. சூப்பர்வைசர் பாட்டீல் என் தோளுக்குப் பின்னால் நின்று, நான் திறந்த ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

தகவலை எந்த மாதிரி உறையில் போட்டு அனுப்புவது என்பதில் அந்தக் காலத்தில் பல வழக்கங்கள் உண்டு. புதியது ஒரு மாதிரி உறையில் அனுப்ப, பழையது அதைப் பிரிக்காமலே தூர எறிந்துகொண்டிருந்தது. உறையின் வகையை மாற்றினேன், சர்வர் வந்துவிட்டது. பாட்டீல் இந்தியில் கேட்டார்: "ஒரு இடத்துல தட்டினா ஓடுதுன்னா, எங்க தட்டினா நிக்கும்னும் உனக்குத் தெரியும்தானே?"

ஒளிந்திருந்தவன்

விமான் நகர் அலுவலகம் ஒன்றில் பாதுகாப்புப் பொறுப்புக்கு வந்த சென்னைப் பெண் நிர்மலா, உளவு வேலை நடக்கிறது என்று கூப்பிட்டார். யாரும் கேட்காமலே ஏதோ ஒன்று நெட்வொர்க்கில் எல்லோருக்கும் சேதி அனுப்பிக்கொண்டே இருந்ததாம். ஊழியர்களை ஒவ்வொருவராக விசாரித்தும் முடித்திருந்தார்.

கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய பிரிண்டர். அந்தக் காலத்துச் சாதனங்கள் அப்படித்தான். தேடி வரும்வரை காத்திருக்காமல், 'இங்கே இருக்கிறேன், அச்சடித்துத் தருவேன்' என்று தாங்களே அறிவித்துக்கொண்டிருக்கும். விளக்கிச் சொன்னேன். நிர்மலா பிரிண்டரைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிரிண்டர்னு அதுவேதானே சார் சொல்லிக்குது?"

ஒரே பெயர்

ஏரவாடாவில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கும் காதர் பாயும் தம்பி சலீமும் தனித்தனியாக எனக்குப் போன் செய்தார்கள். இரண்டு பேருமே, 'அவனுக்குத் தெரிய வேண்டாம்', 'அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்' என்றார்கள்.

கடையில் ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டர். பிந்தி வருகிறவருக்குச் சரக்குக் கணக்கு திறக்காது. இந்தப் பெயர் ஏற்கெனவே இன்னொருவரிடம் இருக்கிறது என்று திரையில் வரும். அது கடையின் பெயர். தம்பி கடையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டான் என்று காதர் பாய் முடிவு கட்டியிருந்தார். சலீமோ, தன் திரையிலும் அது வந்த நாளிலிருந்து, அண்ணன் தன்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்று பயந்திருந்தார். சேர்ந்து சாப்பிடுவதுகூட நின்றுபோயிருந்தது.

இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். ஒரு கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்து இன்னொன்றை அமைத்ததில் இரண்டுக்கும் ஒரே பெயர் விழுந்திருந்தது. முதலில் விழித்தது பெயரைக் கூவிப் பிடித்துக்கொள்ளும், அடுத்ததற்கு இடமில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்ததும் இரண்டிலும் கணக்கு திறந்தது. சலீமுக்குக் கண் கலங்கிவிட்டது. காதர் பாய் தம்பிக்கு டீயை நகர்த்தி வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "மிஷின் பண்ணின வேலை, சரி. நீ எதுக்குடா கொஞ்ச நாளா தினமும் எனக்கு முந்தி வந்து கடையத் திறந்தே?"

நான் இன்னார் என்று யார் கூவினாலும் பழைய பெட்டிகள் அப்படியே நம்பிவிடுவதால், அவற்றுக்கும் சேர்த்துச் சந்தேகப்படும் பொறுப்பை மனிதர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது.