கண்ணாடி அறைக்குள் தூங்கியவள்

வளைவில் பஸ் அடித்த ஹாரன் எங்கள் வீட்டு கேட்டில் நின்ற எனக்கே காதைப் பிளந்தது. அந்த வளைவிலேயே நடந்து வந்துகொண்டிருந்த என் மகளுக்குக் கேட்கவில்லை. பிரேக் போட்டுக் கிறீச்சிட்டு நின்ற பிறகுதான் திரும்பினாள்.

"ஊட்ல சொல்லிட்டு வந்தியா கண்ணு?" என்று கத்தினார் டிரைவர். அவள் காதில் இயர்போன்கூட இல்லை.

சில வாரங்களாகவே கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் பதில் வரும். மலையிலிருந்து இறங்கினால் இங்கே எல்லோருக்கும் காது அடைக்கும். கோச்சிங் வகுப்புக்காகத் தினமும் முதல் பஸ்ஸில் சேலம் போய் வருகிறவளுக்கு அந்த அடைப்புதான் தங்கிவிட்டது என்றிருந்தேன். இப்போது அப்படி இருக்க முடியவில்லை. மறுநாளே சேலத்தில் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"எச்சில் விழுங்கு சாமி" என்றேன் அடிவாரத்தில்.

"விழுங்க இனி எச்சிலே இல்லம்மா."

கண்ணாடி பதித்த சின்ன அறைக்குள் அவளை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லி ஒரு பட்டனைக் கையில் கொடுத்தார்கள். வெளியே நின்று அந்த விரலையே பார்த்தேன். அது அசையவில்லை. பிறகு தலை சாய்ந்தது, பட்டன் மடியில் விழுந்தது.

சோதனை செய்த பெண் கதவைத் திறந்து சிரித்தார். "ஏனுங்க, பாப்பா நொம்ப நல்லாத் தூங்குதுங்க."

முகம் கழுவி மறுபடி உட்கார்ந்தபோது எல்லாச் சத்தமும் கேட்டது.

"காது சரியாத்தாங்க இருக்குது" என்றார் டாக்டர். "அது சத்தத்தை அனுப்பிடுது. வாங்கிப் புரிஞ்சுக்கிற மூளைக்குத்தான் தூக்கமில்ல. கண்ணு தொறந்திருக்கும்போதே அது ஒரு நொடி தூங்கிரும்." அந்த நொடியில்தான் பஸ் வந்திருக்கிறது. விடியுமுன் காப்பியோடு அவளை எழுப்பிவிடுவது நான்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் தூங்கினாள். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. கடைசி நிறுத்தத்திலும் அவளை எழுப்ப மனம் வரவில்லை.

"பஸ்ஸு மறுபடி கீழ போகுதுங்க. ரெண்டு டிக்கெட் போட்டறட்டுங்களா?" என்றார் கண்டக்டர்.

"டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள எழுப்பிடறேன்" என்றேன்.

காலை வகுப்பை நிறுத்திவிட்டோம். மதிப்பெண் என்னவாகும் என்று தெரியவில்லை. அவள் முதுகு காட்டி நிற்கும்போது இப்போதும் மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

"கேக்குதும்மா" என்கிறாள், திரும்பாமலே. "நீ போய்த் தூங்கு."