ஐப்பசி வெயிலில் ஒரு முகம்

கறுப்புக் காகிதத்தில் சுற்றிச் சணலால் கட்டிய ஒரு கண்ணாடித் தகடு. பள்ளிக்கூடப் புத்தகம் அளவுதான் இருக்கும். மன்னார்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அதை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் கடையின் முன்கதவைச் சாத்தினார். "இது இங்க இருக்கக் கூடாது தம்பி. உடைக்கலாம்னு கல்லைக்கூட எடுத்துட்டேன், மனசு வரல. உங்க அக்காகிட்ட குடுத்துடுங்க. நான் குடுத்தேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், செத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அறுபத்தேழாம் வருஷம், ஆட்சி மாறிய புதிது. ஏழைகளின் அரசு என்று மேடைக்கு மேடை பேசினார்கள். எங்கள் பக்கத்திலோ அறுப்புக் கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டதற்கே பண்ணையார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மச்சான் எங்கள் தெருவில் விவசாயக் கூலிகள் சங்கத்துக் கொடியை ஏற்றியவர். குறுவை அறுப்பின்போது களத்துமேட்டில் மறித்து நின்றவர்களில் அவர் முன்னால் நின்றார். தலையிலும் முகத்திலும் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. போலீஸ்காரர்கள் கூடவே நின்று அன்றைக்கே எரிக்க வைத்தார்கள். முகம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. அக்கா அதை அவிழ்க்கக் கேட்டாள், விடவில்லை. அவள் இடுப்பில் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த பெண் குழந்தை.

அடுத்த சில நாட்களில் பண்ணையின் கணக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொண்ட காரியக்காரர் ஒருவர் வாய்க்கால் ஓரத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போலீஸ் எங்கள் தெரு ஆண்களைத் தேட ஆரம்பித்தது. சங்கக் கிளை தொடங்கிய அன்று எல்லோரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்திருந்தார்கள். கொலைக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அது கையில் கிடைத்தால் அதில் இருக்கிற அத்தனை பேரும் குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தகடு உடைந்துபோய்விட்டது என்று ஸ்டுடியோக்காரர் போலீசிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தத் தகடுதான் இப்போது என் பைக்குள் இருந்தது.

அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அக்கா. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தாள். அதிகம் பேசமாட்டாள். தகட்டை வாங்கி வாசலுக்கு வந்து வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ் நிறம். முகம் கறுத்து, தலைமுடி வெளுத்துத் தெரியும். "நரைச்சுப்போன மாதிரி இருக்காரே" என்றாள். பிறகு வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு படம் எதுவும் வீட்டில் இல்லை. கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை.

வேறு எந்த ஸ்டுடியோவுக்கும் அதை எடுத்துப் போக முடியாது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. தஞ்சாவூரில் பாசன அலுவலகம் ஒன்றின் வரைபடப் பிரிவில் எனக்கு வேலை. ஆறு, வாய்க்கால், மதகு என்று மெல்லிய துணித்தாளில் வரைந்த படங்களை மருந்து பூசிய காகிதத்தின் மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி, மொட்டைமாடி வெயிலில் காயவிடுவோம். பிறகு தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளைக் கோடுகளாகப் படம் விழும். எங்கள் ஊர் வாய்க்கால்களை எல்லாம் நான் முதலில் அந்த நீலத்தில்தான் முழுசாகப் பார்த்தேன். அந்த வருஷம் அலுவலகத்துக்குப் புது இயந்திரம் வந்துவிட்டதால் பழைய மருந்துப் புட்டிகள் அலமாரியில் சும்மா கிடந்தன. கேட்டபோது தலைமை வரைவாளர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நானும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். ஆனால் நான் அதுவரை கோடுகளை எடுத்தவன். முகத்தை எடுத்ததில்லை.

அக்காவின் குடிசை பகலிலும் இருட்டாக இருக்கும். மருந்து பூச அது வசதியாகவே இருந்தது. ஒன்று பச்சைத் தூள், இன்னொன்று சிவப்புக் கற்கண்டு மாதிரி. தனித்தனியாகக் கரைத்து, சரிபாதியாகக் கலந்து, பஞ்சில் தொட்டு வரைதாளில் பூசி உள்ளேயே உலர்த்தினோம். எடுத்தவுடன் தகட்டைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வேப்பிலைக் கொத்தை வைத்து, மேலே ஜன்னல் கண்ணாடி ஒன்றை வைத்து, மேகம் விலகிய நேரத்தில் வெளியே வைத்தேன். அலசும்போது நீலம் வந்தது, வந்த வேகத்தில் வெளுத்தும் போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அக்கா அண்டாவைக் கூரைத் தாழ்வாரத்துக்கடியில் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தாள். அதில் அலசியபோது நீலம் நின்றது. இன்னொரு தடவை காகிதம் நன்றாக உலராமல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அது தகடாக இருந்திருந்தால் மச்சான் அதோடு போயிருப்பார். அக்கா அடுத்த தாளைத் தானே பூசினாள். ஒரு நெற்கதிர், தன் சீப்பு, குழந்தையின் கொலுசு என்று கையில் கிடைத்ததை வைத்து இருவரும் பழகினோம். துக்க வீட்டில் இது என்ன விளையாட்டு என்று பக்கத்துக் குடிசையில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாமல் படம் இல்லை. தகடு எங்களிடம் இருப்பது எப்படியோ கசிந்து, ஒளிந்திருந்த சங்கத் தலைவர் ஒரு மாலை மழையோடு மழையாக வந்தார். படத்தில் மச்சானுக்குப் பின்னால், மச்சான் தோளில் கைவைத்து நிற்பவர் இவர்தான். உட்காரவில்லை.

"தங்கச்சி, அது உன் வீட்டுக்காரரு படம் மட்டும் இல்ல. எங்க எல்லார் கழுத்தும் அதுலதான் இருக்கு. உடைச்சிடும்மா" என்றார்.

அக்கா குழந்தையை மடியில் மாற்றிப் போட்டாள். "வெயில் வர்ற வரைக்கும் பொறுங்கண்ணே. ஒரே ஒரு தடவை அவரை எடுத்துக்கிறேன். இவளுக்கு அப்பன் முகம் வேணும். அப்புறம் நானே அழிச்சிடறேன்."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். அவர் போனபின் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மற்ற முகங்களை மட்டும் ஊசியால் சுரண்டிவிட்டால் மச்சான் தகட்டிலேயே இருப்பார், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்க பொண்டாட்டிங்க இந்தத் தெருவுலதான் இருக்காங்க. நான் உக்காந்து ஒவ்வொரு மூஞ்சியா சுரண்டறதா? வேணாம் தம்பி. மொத்தமா போகட்டும்."

ஒரு காலையில் வானம் வெளுத்தது. தகட்டில் மச்சானைச் சுற்றி இருந்தவர்களைக் கறுப்புக் காகிதம் கத்தரித்து மறைத்தேன். மருந்து பூசிய தாளின் மேல் தகட்டை வைத்து, அதன்மேல் ஜன்னல் கண்ணாடியை வைத்து, ஓரங்களில் கல் ஏற்றினோம். அக்கா கூடவே குந்தியிருந்தாள். மேகம் மூடும்போதெல்லாம் அவள் மூச்சு நிற்பது எனக்குக் கேட்டது. காகிதத்தின் ஓரம் செம்பு நிறத்துக்குத் திரும்பியதும் எடுத்து அண்டாவில் அமிழ்த்தினேன். மஞ்சள் கரைந்து ஓட, அடியிலிருந்து நெற்றி வந்தது, மீசை வந்தது, பிறகு கண்கள். அக்கா அழவில்லை. "மூக்குல அந்தத் தழும்பு வந்திருக்கு பாரு" என்றாள். சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு. அதை அவள் விரலால் தொடப் போனாள். ஈரம், தொடாதே என்றேன். இன்னொரு தாளுக்கு வெயில் போதவில்லை. மறுபடி மழை வந்துவிட்டது.

அன்று மத்தியானமே தகட்டை வெந்நீரில் போட்டாள். மருந்துப் படலம் இளகிப் பாலாடை மாதிரி மிதந்து வந்தது. உள்ளங்கையால் மெல்ல வழித்தெடுத்தாள், குழந்தைக்கு உடம்பு தேய்ப்பதுபோல. வெறும் கண்ணாடி மிஞ்சியது. "இந்தத் தண்ணிய எங்க ஊத்தறது?" என்று கேட்டாள். பானையைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்து, மச்சானை எரித்த இடத்துக்குப் பக்கத்தில் ஓடும் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

சோதனைக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் அந்த நீலக் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்டார். நான் எடுத்தேன் என்றேன். அவர் அதைவிட்டு, மச்சான் தோளின் மேல் தெரிந்த கையைக் காட்டி இது யார் கை என்று அக்காவிடம் கேட்டார்.

"கூட நின்னவரு கைங்க. கையை மட்டும் பார்த்து யாருன்னு எப்படிங்க சொல்றது?" என்றாள்.

அவர் படத்தைக் குழந்தையின் தொட்டிலுக்குள் வைத்துவிட்டு வெளியே போனார். ஏன் அப்படிச் செய்தார் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, அடையாளம் காட்ட ஆளில்லாமல் போய் முடிந்தது. படத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

படத்தை அக்கா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். சில வருஷங்களில் வெளிச்சம் பட்டுப் பட்டு அது வெளிறி, முகம் இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டது. எனக்குச் சொல்லி அனுப்பினாள். இருட்டில் வைத்தால் நீலம் திரும்பும் என்று அலுவலகத்தில் கேள்விப்பட்டிருந்தேன், நம்பிக்கை இல்லாமலேயே சொன்னேன். டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். அடுத்த முறை போனபோது எடுத்துக் காட்டினாள். முகம் தெளிந்திருந்தது. "கோவிச்சுக்கிட்டுப் போனவரு வந்துட்டாரு" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. அதற்கப்புறம் மச்சான் பெட்டியிலேயேதான் இருந்தார்.

அந்தத் தொட்டில் குழந்தை படித்து மன்னார்குடியில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை ஆனாள். அவள் மகன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். போன தையில் அக்கா போய்விட்டாள். பதினாறாம் நாளுக்குப் பேனர் அடிக்க நானும் அக்கா மகளும் கடைக்குப் போனோம். அக்காவின் படம் போனில் நிறைய இருந்தது. மச்சானுக்கு அந்தக் காகிதம் ஒன்றுதான். கணினியில் உட்கார்ந்திருந்த பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாட்டியும் அவங்க பேரனுமா மேடம்? ரெண்டு பேரும் ஒண்ணா தவறிட்டாங்களா?" என்று பரிவோடு கேட்டாள்.

அக்கா மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் மீசை அப்போதுதான் அடர்ந்த ஒரு இளைஞன். பக்கத்தில் பல் போன, தோல் சுருங்கிய என் அக்கா.

"எங்கப்பாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என் பையனைவிடச் சின்னவரா இருக்காரு மாமா" என்றாள்.

பெட்டியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அக்கா இதைப் பார்த்திருப்பாள்.